ஒரே துணியில் இரண்டு நைட்டி

கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை ஹெரேஸிலிருந்து காதிஸுக்குப் போகிற ரயிலில் உட்கார இடம் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்குக் கிடைத்தது. ஆக்டோபஸ் வேஷம் போட்ட நாலைந்து பையன்கள், பஞ்சு அடைத்த கைகளை ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டு எழுந்து, அக்காவுக்கும் எனக்கும் ஜன்னலோரமாக இடம் விட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது என்கிறார்களே, அது சரியில்லை மேடம். நான் பார்த்தவரை நன்றாகவே தெரிகிறது.

"என்ன பாட்டிங்களா, கட்டில விட்டு எழுந்து அப்படியே ரயிலேறிட்டீங்களா?" என்றான் ஒருவன்.

"என்னப்பா பண்றது, அலாரம் அடிச்சும் இவ எழுந்திரிக்கல" என்றேன்.

பெட்டியே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் வீட்டில் பேசிச் சிரிக்க வைக்கிறவள் எப்போதும் ரெமெதியோஸ் அக்காதான். நான் பாத்திரம் கழுவுகிறவள். நான் ஒன்று சொல்லி ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அவன் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் இரண்டு பேரும் நைட்டிதான் போட்டிருந்தோம். நீலப் பூப்போட்ட தடித்த துணியில் நானே தைத்தது, கணுக்கால் வரைக்கும். தலையில் சுருக்கு வைத்த குல்லாய், கையில் அட்டையில் செய்த மெழுகுவர்த்தி, இரண்டு கன்னத்திலும் சிவப்பு வட்டம், மற்ற இடமெல்லாம் வெள்ளைப் பூச்சு. தூக்கத்தில் நடக்கிற இரண்டு பேர் என்பது எங்கள் வேஷம். கார்னிவலுக்கு ஜோடியாக வேஷம் போட்டுக்கொண்டு போவது இங்கே வழக்கம்தானே. அக்காவுக்குச் சிரமமே இல்லை. கொஞ்ச காலமாக நைட்டியைத் தவிர வேறு எதைப் போட்டுவிட்டாலும் பிடித்து இழுத்துக் கிழித்துவிடுவாள். மற்ற நாளில் ஒரு கிழவி நைட்டியோடு தெருவில் நின்றால் யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கைதட்டுவார்கள். இதை நான் யோசித்துத்தான் செய்தேன். தற்செயல் என்று சொல்லலாம் என்றுதான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரும்போது வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன், ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அக்காவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவளுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது மாமா செத்த மறுவருஷம். மகன் ஹினேஸ் பார்சிலோனாவில் இருக்கிறான். "நீங்க இருக்கறப்ப எனக்கென்ன கவலை சித்தி" என்று போனில் சொல்வான். நல்ல பிள்ளை. மாதா மாதம் தவறாமல் அதையே சொல்வான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மருந்துக் கடை வேலையிலிருந்து ஓய்வும் வாங்கியாகிவிட்டது, அப்புறம் எனக்கு என்ன வேலை என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி. பகலெல்லாம் தூங்குவாள், ராத்திரியெல்லாம் கதவைப் பிராண்டுவாள். ஒருநாள் கையில் ரொட்டியை வைத்துக் கடித்துக்கொண்டே பால்கனியில் நின்று, "இந்தப் பொம்பள என்னைப் பட்டினி போட்டுக் கொல்றா" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். கீழே போனவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டிருந்தோம். வரிசை வரட்டும் என்றார்கள். வரிசை வருவதற்குள் எங்களில் ஒருத்தி போய்விடுவாள் என்று கீழ்வீட்டு ஹெர்மினியா சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

தூக்கமில்லாததைப் பொறுத்துக்கொண்டேன். அடித்ததைப் பொறுத்துக்கொண்டேன். படுக்கையைத் துவைத்ததை எல்லாம் இங்கே சொல்லிக்காட்டக் கூடாது, அது அசிங்கம். என்னால் பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவளுக்கு ஹெர்மினியாவைத் தெரியும். ஹெர்மினியா வளர்த்துச் செத்துப்போன நாயைத் தெரியும், அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். மாமாவைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவளைத் தெரியும். என்னை மட்டும் தெரியாது. வீட்டுக்கு யாராவது வந்தால் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு சமையல் நல்லாத்தான் செய்வா, ஆனா கை சுத்தம் கிடையாது, பாத்து வெச்சுக்கணும்" என்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் என் பெயர் அவள் வாயில் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, நான் பஸ்தோரா, நான் பஸ்தோரா என்று நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் எழுபது வயதில் செய்கிற காரியமா.

மருந்துக் கடையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு அம்மா சொன்ன கதை ஞாபகம் வந்தது. எங்கேயோ ஒரு ஊரில், யார் எவர் என்று சொல்லத் தெரியாத ஒரு கிழவரைப் பெஞ்சில் கண்டெடுத்தார்களாம். அன்று சாயங்காலமே அவருக்கு இல்லத்தில் கட்டில் கிடைத்துவிட்டதாம். பெயர் இருக்கிறவர்களுக்குத்தான் வரிசை. பெயர் இல்லாதவர்களை நேராக உள்ளே விடுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. அவளுக்குச் சுத்தமான படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு, இதில் பழகிய ஆட்கள். நான் கேட்டால் கிடைக்காதது, நான் இல்லாவிட்டால் கிடைக்கும். அவளுக்காகத்தான் செய்தேன்.

வீட்டில் மாத்திரைகள் இருந்தன. எதை எவ்வளவு கொடுத்தால் என்ன ஆகும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை. அந்தப் பக்கமே நான் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அவள் மணிக்கட்டில் ஒரு பட்டை மாட்டிவிட்டிருந்தார்கள், எங்கள் வீட்டுப் போன் நம்பரோடு. கிளம்புவதற்கு முன்னால் சமையலறைக் கத்தரிக்கோலால் அதை வெட்டி எடுத்தேன். வேஷத்துக்குப் பொருந்தாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையன்கள் சோடா பாட்டிலைத் தாயத்து மாதிரிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற திருவிழாவில், மணிக்கட்டுப் பட்டையா பொருந்தாது.

காதிஸில் இறங்கியதும் சந்தைப் பக்கம் போனோம். கார்னிவல் ஞாயிறென்றால் பாட்டுக் குழுக்கள் வண்டிகளில் ஏறி நின்று சந்தையைச் சுற்றி வருவார்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்கா ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். பழைய பாட்டு ஒன்றை எடுத்தார்கள். ஒரு வரி விடாமல் கூடச் சேர்ந்து பாடினாள். ரொட்டி என்ற வார்த்தையை மறந்தவள். வண்டி மேலே கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் குனிந்து அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். "எங்கள விட்டுட்டு எந்தக் குழுவுக்குப் போனீங்க இத்தனை வருஷமா?" என்று கேட்டார். "உன் தாடி வளரட்டும்னு காத்திருந்தேன்" என்றாள். அவர் தாடி ஒட்டுத்தாடி.

பொடி இறால் போட்ட அடை வாங்கித் தின்றோம். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்ற பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "புருஷன் தூங்கறப்ப நைசா ஓடி வந்துட்டீங்களாக்கும்" என்றாள்.

"தூங்கறானா?" என்றாள் அக்கா. "அவன் செத்தே போயிட்டான். குறட்டைதான் இன்னும் நிக்கல."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் எங்களுக்கு இன்னும் ஒரு அடை சும்மா கொடுத்தாள். அக்காவின் தாடையில் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டேன், பூச்சு கலையாமல். கலைந்த இடத்தில் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திரும்பப் பூசினேன்.

அப்புறம் பேராலயத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தோம். அந்த மஞ்சள் குவிமாடத்தைப் பார்த்து, "யாரோ ஆரஞ்சுப் பழத்தத் தோலுரிக்காம வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள். கடலோரச் சுவரை ஒட்டி நடந்தோம். வெயில் இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், யார் கை என்று தெரியாமல்தான். நல்ல நாள் மேடம் அது. ஐந்தாறு வருஷத்தில் அப்படி ஒரு நாள் எங்களுக்கு வாய்க்கவில்லை. மற்றதையெல்லாம் விட, அதைச் சொல்வதற்குத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது. சண்டை போட்டாள், கடித்தாள், அதனால் விட்டுவிட்டு வந்தேன் என்றால் கேட்பவர்களுக்காவது கொஞ்சம் மனம் இளகும். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒருதரம் நினைத்தேன். ராத்திரி கதவு பிராண்டுகிற சத்தம் ஞாபகம் வந்தது. மேலே நடந்தேன்.

லா கலேத்தா கடற்கரைக்கு எதிரே பெரிய அத்திமரங்கள் இருக்கின்றனவே, அதன் அடியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். நாலைந்து பெஞ்சுகளைத் தொட்டுப் பார்த்து, ஈரமில்லாததாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

"இங்கயே இருங்க. சூடா சாக்லேட் வாங்கிட்டு வர்றேன்" என்றேன். யாரோ ஒருத்திக்குச் சொல்வதுபோல் மரியாதையாகத்தான் சொன்னேன். ரொம்ப நாளாகவே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் நைட்டியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தேன். உள்ளே பாவாடையும் ஸ்வெட்டரும் போட்டிருந்தேன். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தேன். கோட்டை எடுத்து மாட்டினேன். அவளுக்கும் நைட்டிக்குள்ளே இரண்டு கம்பளிச் சட்டை போட்டுவிட்டிருந்தேன், குளிரில் விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"பஸ்தோரா" என்றாள்.

நான் நின்றேன்.

"கோட்டுப் பித்தானப் போடுடி. மேல்காத்து ஏறுது பாரு. அப்புறம் இருமிக்கிட்டுக் கெடப்ப."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னைத்தான் பார்த்தாள். நைட்டியும் குல்லாயும் பூச்சும் போனதும் நான் யாரென்று தெரிந்துவிட்டதோ என்னவோ, டாக்டர்களைக் கேட்டால் ஏதாவது காரணம் சொல்வார்கள். நான் பித்தானைப் போட்டேன். மேலிருந்து கீழே ஒன்று விடாமல் போட்டேன். "சரிக்கா" என்றேன்.

அப்புறம் போய்விட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் என்னை மறந்ததால்தான் இதைச் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை என்று தெரிந்த பிறகும் கால் நிற்கவில்லை. நாளைக்கு விடிந்தால் மறுபடியும் மறந்துவிடுவாள், ஒரு தடவை சொன்னதற்காகவா எல்லாவற்றையும் மாற்றுவது என்று நினைத்தேன். சாயங்கால ரயிலில் கூட்டம் தாங்காது என்றும் நினைத்தேன். இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைத்தேன் என்பதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். திரும்பும்போது ரயிலில் நிறைய இடம் இருந்தது.

அன்று நன்றாகத் தூங்கினேன். வெட்கக்கேடு, ஆனால் தூங்கினேன். மறுநாள் ஹெர்மினியாவிடம், சன்லூக்கரில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற இல்லத்தில் திடீரென்று இடம் கிடைத்தது, கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன் என்றேன். ஹினேஸிடமும் போனில் அதையேதான் சொன்னேன். ஹெர்மினியா ஒரு தட்டில் தேன் ஊற்றிய பணியாரம் கொண்டுவந்து கொடுத்து, "நீங்க பாத்த மாதிரி பெத்த பொண்ணுகூடப் பாத்திருக்க மாட்டா பஸ்தோரா" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். தட்டை அன்றே கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

என் கணக்கில் நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். பெஞ்சில் தனியாக ஒரு கிழவி உட்கார்ந்திருந்தால் யாராவது ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் வந்து கேட்பார்கள், அவள் பேசுவதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். அடையாளம் தெரியாமல் இருக்க நான் தேர்ந்தெடுத்த அந்த ஒரு நாளில் காதிஸ்காரர்கள் யாரையும் அப்படிப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. கார்னிவலில் மூலைக்கு மூலை ஒருவர் தனியாக நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல், தனக்கு நேர்ந்ததாக ஏதோ ஒரு கஷ்டத்தை நடித்துச் சொல்லிக்கொண்டிருப்பார். எவ்வளவுக்கெவ்வளவு முகம் சோகமாக இருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு கூட்டம் சேரும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எனக்கு அது தெரியாமல் போனது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அந்த வாரமே ஹெர்மினியா மாடிப்படியில் என்னை நிறுத்தித் தன் போனை நீட்டினாள். "இதப் பாருங்க. ஊரே பாத்துச் சிரிக்குது. இந்தக் காதிஸ்காரங்கள அடிச்சுக்க ஆளே கெடையாது."

லா வீன்யா பேட்டையில் ஏதோ ஒரு தெருமுனை. நைட்டி போட்ட ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் அட்டை மெழுகுவர்த்தி, இன்னொரு கையில் யாரோ திணித்த ஒயின் கிளாஸ். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர், கடற்கொள்ளைக்காரர்கள், தேனீக்கள், ஒரு குளிர்சாதனப் பெட்டி.

"என் தங்கச்சியப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "சின்னப் பொண்ணு. கோட்டு போட்டிருப்பா. கூட்டம்னா அவளுக்குப் பயம்."

"எவ்வளவு சின்னப் பொண்ணு பாட்டி?" என்று ஒரு தேனீ கேட்டது.

அக்கா யோசித்தாள். "எழுபது இருக்கும்" என்றாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கேமரா பிடித்திருந்தவனின் கையே ஆடியது.

"சிரிக்காதீங்கடா. வெளையாட்டில்ல. அவளுக்கு வழி தெரியாது. எங்கயாவது நின்னு அழுதுகிட்டு இருப்பா. யாராவது கூட வாங்களேன், தேடிப் பாக்கலாம்."

"நான் வர்றேன் பாட்டி, ஆனா எனக்கு எம்பது வயசுப் பொண்ணுதான் பிடிக்கும்" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். கைதட்டல். அவள் காலடியில் ஒருவர் காசு போட்டார். அவள் அந்தக் காசைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அதோடு அந்தப் படம் முடிந்து மறுபடியும் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

"என்ன நடிப்பு பாத்தீங்களா? மூஞ்சியில ஒரு சிரிப்பு? கெடையாதே" என்றாள் ஹெர்மினியா. எத்தனையோ வருஷமாக அக்காவைச் சாயங்காலம் கை பிடித்துப் படியேற்றியவள். பூச்சுக்குள்ளே யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன் மேடம். அவள் முன்னால் சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே.

அந்த ஞாயிறு ராத்திரி மேல்காற்று மழையோடு வந்தது. வேஷக்காரர்கள் கடை வாசல்களில் ஒதுங்கினார்கள், பிறகு ரயிலேறினார்கள். காலையில் துப்புரவு ஆட்கள் கலேத்தாவுக்கு இறங்குகிற படிக்கட்டில் அவளைப் பார்த்திருக்கிறார்கள். கம்பளிச் சட்டை இரண்டும் தண்ணீரில் ஊறி, அவளைவிடக் கனமாக இருந்ததாம். நீங்கள் இப்போது சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரேடியோவில் அறிவிப்பு வந்தது. அடையாளம் தெரியாத வயதான பெண்மணி, நீலப் பூப்போட்ட நைட்டி என்று ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் கேட்டேன், நிறுத்திவிட்டேன். அவளுக்குக் கட்டில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்தது நடந்துவிட்டது பார் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. நெஞ்சில் சளி கட்டி, அவள் ஆஸ்பத்திரியிலேயே செத்துப்போனதைப் பேப்பரில் பார்த்தேன். நகராட்சியே அடக்கம் செய்துவிட்டது.

அதற்குப் பிறகும் நான் இங்கே வரவில்லை. ஹினேஸ் அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று போன வாரம் போன் பண்ணினான். "சன்லூக்கருக்கு நீங்களும் கூட வாங்க சித்தி, அம்மா உங்களத்தான் கேப்பாங்க" என்றான். நாளைக்குக் காலை ரயிலில் வருகிறான். அதனால்தான் இன்றைக்கு வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதாதீர்கள். உறுத்தல் அன்றைக்கே இருந்தது. அதை வைத்துக்கொண்டு சமைத்தேன், சாப்பிட்டேன், பூசைக்குப் போய்வந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பெஞ்சில் விட்ட பிறகு அவளைப் பார்த்தீர்களா என்று ஆரம்பத்திலேயே கேட்டீர்கள். இல்லை என்றேன். அது பொய். நான் வந்து என் பெயரைச் சொன்னதும் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். ஏன் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் போனேன். அப்போது அவளுக்கு உயிர் இருந்தது. நோயாளிகளைப் பார்க்கிற நேரத்தில், பூ கொண்டு வருகிறவர்களையும் குழந்தை தூக்கிக்கொண்டு வருகிறவர்களையும் போல நானும் உள்ளே போனேன். ரேடியோவில் சொன்னவர் எனக்குத் தெரிந்தவரோ என்னவோ, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றேன். ஒரு நர்ஸ் கதவு வரை கூட்டிக்கொண்டு போனார். இளம் பெண், களைத்துப்போயிருந்தார், ஆனாலும் முகம் கொடுத்துப் பேசினார்.

அக்கா கட்டிலில் கிடந்தாள். முகப் பூச்சைக் கழுவியிருந்தார்கள். கன்னத்தில் மட்டும் சிவப்பு முழுதாகப் போகவில்லை. கண் மூடியிருந்தது, உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"பஸ்தோரா" என்றாள்.

"இதான்" என்றார் நர்ஸ். "விடிஞ்சா பஸ்தோரா, அடைஞ்சா பஸ்தோரா. வேற எதக் கேட்டாலும் தெரியல. தன் பேராவது ஞாபகம் இருக்கே, பாவம். நாங்களும் பஸ்தோரா பாட்டினுதான் கூப்பிடறோம். ரேடியோவுலயும் அந்தப் பேரத்தான் சொல்லச் சொன்னோம். இந்தப் பக்கம் வீட்டுக்கொரு பஸ்தோரா, எங்கனு தேடறது. உங்களுக்குத் தெரிஞ்சவங்களாம்மா?"

"இல்லம்மா" என்றேன். "நான் தேடி வந்தது வேற ஆள்."

"பாதகமில்ல. வந்து பாக்கணும்னு தோணிச்சே, அதுவே பெரிசு. உங்க பேரென்ன?"

"ரெமெதியோஸ்" என்றேன்.

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. என் குரல் கேட்டிருக்க வேண்டும். அக்கா கண்ணைத் திறக்காமலே தலையை இந்தப் பக்கம் திருப்பினாள். மறுபடியும் கூப்பிட்டாள், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, கூட்டத்தில் தூரத்தில் போகிறவளைக் கூப்பிடுவதுபோல். நர்ஸ் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமா பாட்டி, நீங்கதான் பஸ்தோரா, நீங்கதான்" என்று தட்டிக் கொடுத்தார். அக்கா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். பாவம், நர்ஸுக்குப் புரியவில்லை. அந்த ஆஸ்பத்திரியிலேயே எனக்கு மட்டும்தான் புரிந்தது. நான் அவர் காதில் விழும்படி, போய்வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.